தனியாகச் சிங்கப்பூர்: வீட்டு வாசலில் இருந்து முதல் இரவுப் படுக்கை வரை

முதல்முறை வெளிநாட்டுக்குத் தனியாகப் போகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, எங்கெங்கே சுற்றிப் பார்க்கலாம் என்பதைத்தான். அதை அங்கே போய்கூட முடிவு செய்துகொள்ளலாம். வீட்டு வாசலில் செருப்பு மாட்டுவதில் இருந்து, அந்த ஊரில் முதல் இரவு தலையணையில் தலை வைப்பது வரையான ஒரு நாள் கதைதான் முன்கூட்டியே யோசிக்க வேண்டியது. கூட ஆள் இருந்தால் ஒருவர் பையைப் பார்த்துக்கொள்வார், இன்னொருவர் வரிசையில் நிற்பார். ஒரு போன் அணைந்தால் இன்னொரு போன் இருக்கும். தனியாகப் போகும்போது எல்லாமே ஒரே ஆள் தலையில் விழும். அந்த ஒரு நாளைச் சரியாகத் தயார் செய்துவிட்டால் மிச்சப் பயணம் தானாக நடக்கும். இது என் அனுபவத்தில் கண்டது.

முதல் தனிப் பயணத்துக்குச் சிங்கப்பூரைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். சென்னை, திருச்சி, கோவையில் இருந்து நேரடி விமானம் இருக்கிறது. நான்கு மணி நேரம், கொஞ்சம் முன்பின் ஆகலாம். அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. இரவில் தனியாக நடக்கும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே நேரம் சட்டம் கண்டிப்பான ஊர், தெரியாமல் செய்தேன் என்பது அங்கே எடுபடாது. அதனால்தான் சில இடங்களில் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பெயரில் இருந்து தொடங்குங்கள்

டிக்கெட் போடும் முன் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்து, பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். நமக்கு இன்ஷியல்தான் பழக்கம். பள்ளிச் சான்றிதழில் ‘க. மீனா’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த ‘க’ விரிந்து அப்பாவின் முழுப் பெயராகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். சிலருக்கு இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கும், குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக விடப்பட்டிருக்கும். டிக்கெட் போடும் இணையதளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் உங்களை நகரவிடாது.

இரண்டு கட்டமும் நிரம்பியிருந்தால் கவலை இல்லை, எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். ஒரு கட்டம் காலி என்றால் அந்த விமான நிறுவனம் ஒற்றைப் பெயரை எப்படி எழுதச் சொல்கிறது என்று பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்லும், வேறு சிலவற்றுக்கு வேறு முறை. டிக்கெட் போட்ட பிறகு பெயரைத் திருத்தப் பணமும் அலைச்சலும் ஆகும். ஆதார், பான் அட்டைகளில் பெயர் எப்படி இருந்தாலும் சரி, இந்தப் பயணம் முழுக்க உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுதான்.

இறங்கும் நாளில் இருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும். குறைவாக இருந்தால் முதலில் புதுப்பித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

விசாவும் வருகை அட்டையும்

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூர் விசா கட்டாயம். அங்கே போய் இறங்கி வாங்கிக்கொள்ளும் வசதி இல்லை. சிங்கப்பூர் அரசு அங்கீகரித்த விசா முகவர்கள் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் பட்டியல் சிங்கப்பூர்த் தூதரகங்களின் இணையதளத்தில் இருக்கிறது, சென்னையிலும் அவர்களுக்குத் துணைத் தூதரகம் உண்டு. அரசுக்குப் போகும் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி. அங்குள்ள தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம். முகவரின் கூலி அதற்கு மேல், ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு மூன்று இடங்களில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பயண நாளுக்கு 30 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், 35 மில்லிமீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் உயரமுமாக, மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். விசா ஒரு தாளாகத்தான் வரும், பாஸ்போர்ட்டில் எதையும் ஒட்ட மாட்டார்கள். அதை அச்செடுத்து இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் விரல் வைத்துச் சரிபாருங்கள்.

அடுத்தது வருகை அட்டை. முன்பு விமானத்தில் ஒரு சீட்டு கொடுத்து நிரப்பச் சொல்வார்கள், இப்போது அது இணையத்துக்கு மாறிவிட்டது. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். 15ஆம் தேதி இறங்கினால் 13ஆம் தேதியில் இருந்து நிரப்பலாம். இதற்குக் காசு கிடையாது. தேடுபொறியில் மேலே வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை என்று வெளியே வந்துவிடுங்கள். சிங்கப்பூரின் குடிநுழைவு ஆணையத்துக்குச் சொந்தமான தளத்திலோ செயலியிலோ மட்டும் நிரப்புங்கள்.

அதில் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரியை இருமுறை படியுங்கள். 2022 ஏப்ரலில் இருந்து சிங்கப்பூரில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஓர் எழுத்து பிசகினாலும் அந்தத் தாள் உங்கள் கைக்கு வராது.

எப்போது இறங்குவது, எங்கே படுப்பது

தனியாகப் போகிறவர்களுக்கு டிக்கெட் விலையைவிட இறங்கும் நேரம் முக்கியம் என்பேன். சாங்கி விமான நிலையத்தில் இருந்து ஊருக்குள் போகும் ரயில் காலை ஐந்தரை வாக்கில் தொடங்கி இரவு பதினொன்று வரை ஓடும். பத்தரைக்கு மேல் இறங்கினால் குடிநுழைவு, பை எல்லாம் முடித்து வெளியே வரும்போது ரயில் போயிருக்கும். நள்ளிரவுக்கு மேல் டாக்சிக்கு மீட்டரில் பாதிப் பங்கு கூடுதலாக ஏறும்.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சென்னையில் இரவு 11 மணிக்குக் கிளம்பினால் அங்கே காலை ஐந்தரைக்கு இறங்குவீர்கள். ரயிலும் கிடைக்கும், பொழுதும் விடியும். முதல் பயணத்துக்கு இது நல்ல நேரம். ஒரே சிக்கல், விடுதியில் பெரும்பாலும் மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பி, காலையில் வந்து பையை மட்டும் வைத்துவிட்டுப் போகலாமா என்று கேளுங்கள். நான் தங்கிய எந்த விடுதியிலும் இல்லை என்று சொன்னதில்லை.

நள்ளிரவு விமானம் என்றால் தேதியில் கவனம். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.30 மணி என்று இருந்தால், நீங்கள் வீட்டில் இருந்து கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி சாயங்காலம். படித்தவர்கள்கூட இதில் ஒரு நாள் தவறவிட்டிருக்கிறார்கள். டிக்கெட் வந்ததுமே ‘14ஆம் தேதி, இரவு 9 மணிக்கு விமான நிலையத்தில்’ என்று காலண்டரில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியாவைச் சொல்வேன். உள்ளூர்த் தமிழர்கள் அந்தப் பகுதியைத் தேக்கா என்பார்கள். சாப்பாடு, பணமாற்று, சிம், கோயில் எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். ஒரு படுக்கை மட்டும் தரும் ஹாஸ்டல்கள் உண்டு, பல இடங்களில் பெண்களுக்கு மட்டும் தனிக் கூடம் இருக்கும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். யாரோ ஒருவர் வீட்டு அறையை நாள் வாடகைக்கு எடுக்க வேண்டாம். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டத்துக்குப் புறம்பு. அரசு அடுக்குமாடி வீடுகளுக்கு இது ஆறு மாதம். அப்படி ஒரு முகவரியை வைத்துக்கொண்டு குடிநுழைவு அதிகாரி முன் நிற்பது தனியாக வந்தவருக்குத் தேவையில்லாத வம்பு.

விடுதியின் பெயர், தெரு, தொலைபேசி எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். சிங்கப்பூரில் அஞ்சல் குறியீடு ஏறக்குறைய கட்டடத்துக்கு ஒன்று. டாக்சி ஓட்டுநரிடம் அந்த ஆறு எண்ணைக் காட்டினால் போதும், வாசலில் இறக்கிவிடுவார்.

பணமும் போனும்

பணத்தை மூன்றாகப் பிரித்து வையுங்கள். கையில் சிங்கப்பூர் வெள்ளியாகக் கொஞ்சம், ஓர் அட்டை, வேறு பையில் இன்னோர் அட்டை. நான்கைந்து நாள் பயணத்துக்கு 150, 200 வெள்ளி ரொக்கம் இங்கேயே அங்கீகாரம் பெற்ற பணமாற்றுக் கடையில் வாங்கிக்கொண்டால் போதும், ரசீதும் கேட்டு வாங்குங்கள். மேலும் தேவைப்பட்டால் தேக்காவில் பணமாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

அட்டையில் பலர் தடுக்கி விழுவது ஓர் இடத்தில். 2020 அக்டோபரில் இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, புது அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். தொட்டுச் செலுத்தும் வசதிக்குத் தனிப் பொத்தான். என் முதல் பயணத்தில் வெளிநாட்டுப் பயன்பாட்டை மட்டும் திறந்துவிட்டு இதை விட்டுவிட்டேன். சாங்கி ரயில் நிலையக் கதவில் அட்டையை வைக்கிறேன், சிவப்பு விளக்கு. பின்னால் ஆள் சேர்கிறது. ஒதுங்கி நின்று, கையில் இருந்த வெள்ளியில் பயண அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். ரொக்கம் இல்லாமல் போயிருந்தால் அந்த அதிகாலையில் திண்டாடியிருப்பேன். கிளம்பும் முந்தைய நாள் இரண்டு பொத்தானையும் பாருங்கள்.

போனில் உங்கள் இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள். வங்கி அனுப்பும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ரோமிங்கை இங்கேயே திறந்துவிட்டு, அதில் டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். டேட்டாவுக்கு, உங்கள் போன் ஏற்றுக்கொண்டால் இ-சிம் ஒன்றை ஊரிலேயே வாங்கிப் பதிந்துவிடுவது நல்லது. இல்லையென்றால் சாங்கியிலேயே சுற்றுலாப் பயணிகளுக்கான சிம் விற்கிறார்கள், பாஸ்போர்ட் காட்டி வாங்க வேண்டும். விடுதிப் பகுதியின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விசா, டிக்கெட், விடுதிப் பதிவு மூன்றையும் படமாகப் போன் கேலரியிலேயே வையுங்கள். மின்னஞ்சலுக்குள் இருக்கிறது என்று நம்பிப் போனால், இணையம் கிடைக்காத வரிசையில் அது கையில் இல்லாத கணக்குதான்.

பை, அப்புறம் அடுத்தவர் கொடுக்கும் பொட்டலம்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

நம் ஊரில் யாராவது சிங்கப்பூர் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், தெருவில் பாதிப் பேர் பொட்டலத்தோடு வருவார்கள். ‘எங்க மாமா பையன் அங்கதான் இருக்கான், இந்த மசாலாப் பொடியை மட்டும் குடுத்துடு கண்ணு’ என்பார்கள். அன்பில் கொடுப்பதுதான், மறுக்க வாய் வராது. ஆனால் சிங்கப்பூரில் உங்கள் பையில் இருப்பது உங்கள் பொருள். போதைப்பொருள் சட்டத்தில், ஒருவர் வசம் அது கிடைத்தால் அது என்னவென்று அவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை உள்ள நாடு அது. தெரிந்தவர்களே கொடுத்தாலும் அவர்கள் கைக்கு அது யாரிடம் இருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

நான் வைத்திருக்கும் விதி இதுதான். ஒட்டிய பொட்டலம் எதுவும் வாங்க மாட்டேன். மிக நெருங்கிய சொந்தம் என்றால் என் கண் முன்னே பிரித்து, நானே கட்டுவேன். அதற்கு மனமில்லாதவர்களிடம் ‘பையில எடை தீர்ந்துபோச்சு அத்தை, மன்னிச்சுக்கோங்க’ என்று சொல்லிவிடுவேன். விமான நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர், தன் பை எடை கூடிவிட்டது, இதை மட்டும் உங்கள் பையில் போடுங்கள் என்றால் பேச்சை வளர்க்காமல் நகர்ந்துவிடுங்கள்.

நம் சமையலறையில் இருந்தே வரும் வில்லங்கம் ஒன்று உண்டு: கசகசா. சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருப்பார்கள், நமக்கு நினைவே இருக்காது. வீட்டில் அரைத்த மசாலாவைக் கொண்டுபோகாமல் இருப்பதே நிம்மதி. தேக்காவில் கிடைக்காத மசாலா இல்லை.

சூயிங்கம் 1992 முதல் தடையில் இருக்கிறது. மின் சிகரெட்டுக்கும், மெல்லும் புகையிலை எதற்கும் அனுமதி இல்லை. சாதாரண சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகை கிடையாது, ஒரு குச்சியாக இருந்தாலும் அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டும். இறைச்சி சேர்ந்த ஊறுகாயோ பலகாரமோ வேண்டாம்.

மருந்து எடுப்பவர்கள் மருத்துவர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்குள் இருந்தால் தொல்லையில்லை. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சாதாரண இருமலுக்குக் கோடீன் இல்லாத மருந்தை எழுதித் தரச் சொல்லிவிடுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டிக்குள் போடக்கூடாது. ஊறுகாய், எண்ணெய், ஷாம்பு எல்லாம் பெரிய பெட்டியில். கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். சிங்கப்பூர்ச் செருகி மூன்று தட்டைக் கால் கொண்டது, நம் ஊர்ச் சார்ஜர் நேராகப் பொருந்தாது, அதற்கான அடாப்டர் ஒன்று வேண்டும். தூக்கிக்கொண்டு படியேற முடிகிற அளவுக்குப் பையை வையுங்கள், தனிப் பயணத்தில் தூக்கிவிட ஆள் கிடையாது.

கிளம்பும் நாள்

மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருங்கள். விமான நிறுவன முகப்பில் பாஸ்போர்ட், விசாத் தாள், திரும்பி வரும் டிக்கெட் கேட்பார்கள். பெட்டிக்குக் கொடுக்கும் சிறு ஒட்டுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், பெட்டி வராமல் போனால் அதுதான் ஆதாரம்.

அப்புறம் நம் நாட்டுக் குடியேற்ற அதிகாரி. எதற்காகப் போகிறீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கலாம். தனியாகப் போகும் இளம் பெண்களிடமும், முதல்முறை போகிறவர்களிடமும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். சுற்றுலா என்று ஆசை காட்டி வேலைக்கு அனுப்பி ஏமாற்றுபவர்கள் இருப்பதால்தான் அந்தக் கேள்விகள். கேட்டதற்கு மட்டும், உண்மையை, சுருக்கமாகச் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லலாம்.

சாங்கியில் இறங்கியதும்

முதல்முறை போனபோது திருச்சி விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி இருந்தார். விடுப்பு முடிந்து திரும்புகிறவர். நான் படபடப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ‘அக்கா, இறங்கினதும் கூட்டத்தோட ஓடாதீங்க. தண்ணி குடிங்க, முகம் கழுவுங்க, போனை வைஃபையில போடுங்க. அப்புறம் வரிசைக்குப் போங்க’ என்றார். இன்றுவரை எந்த ஊரில் இறங்கினாலும் அதைத்தான் செய்கிறேன். சாங்கியில் இலவச வைஃபை உண்டு, குழாயில் வரும் தண்ணீரைக் குடிக்கலாம். வீட்டுக்கு ‘இறங்கிவிட்டேன்’ என்று ஒரு வரி அனுப்பிவிட்டு நடங்கள். குடிநுழைவு வரிசையை நெருங்கியதும் போனைப் பையில் போடுங்கள், அங்கே படம் எடுக்கக்கூடாது.

இப்போது வெளிநாட்டுப் பயணிகளும் தானியங்கிப் பாதையைப் பயன்படுத்தலாம். பாஸ்போர்ட்டைத் திறந்து புகைப்படப் பக்கத்தை இயந்திரத்தில் வையுங்கள், கதவு திறக்கும், உள்ளே போய் முகத்தையும் கருவிழியையும் காட்டச் சொல்லும். கண்ணாடியையும் தொப்பியையும் கழற்றிவிடுங்கள். சில நேரம் இயந்திரம் ஏற்காது, ஊழியர் உங்களை அதிகாரி இருக்கும் முகப்புக்கு அனுப்புவார். அதில் பயப்பட ஒன்றுமில்லை. எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்ற அதே கேள்விகள்தான். சட்டைப்பையில் உள்ள முகவரித் தாளும் திரும்பும் டிக்கெட்டும் இங்கே கைகொடுக்கும். எப்போதாவது ஓர் அறையில் உட்காரவைத்து விசாரிப்பதும் உண்டு. குரலை உயர்த்தாமல், பதிலை மாற்றாமல் இருங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் தெரிந்த அதிகாரி இருக்கிறாரா என்று கேட்கலாம்.

விசா கையில் இருந்தாலும், தங்கும் நாளை முடிவு செய்வது அந்த அதிகாரிதான். மின்னஞ்சலில் வரும் அனுமதியைத் திறந்து எந்தத் தேதி வரை என்று அன்றே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அது குற்றம்.

பை எடுத்ததும் சுங்கப் பாதை இரண்டாகப் பிரியும். அறிவிக்க ஒன்றுமில்லை என்றால் பச்சை. சந்தேகமான பொருள் ஏதாவது இருந்தால் தயங்காமல் சிவப்புக்குப் போய் நீங்களே காட்டுங்கள். நாமாகச் சொல்வதற்கும் அவர்கள் கண்டுபிடிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

அறைக்கு நேரம் இருக்கிறது, பை சிறியது என்றால் ஜுவெல் கட்டடத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 2019இல் திறந்தது, முதல் முனையத்தோடு ஒட்டியிருக்கிறது. கண்ணாடிக் கூரையில் இருந்து 40 மீட்டர் உயரத்துக்கு உள்ளேயே அருவி கொட்டும். காலை எத்தனை மணிக்கு அருவியைத் திறந்துவிடுகிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். இரவெல்லாம் தூங்காமல் வந்தவர்கள் நேராக ரயிலைப் பிடிப்பதே நல்லது, கண் சொருகும் வேளையில் பை தொலைவது சுலபம்.

ரயிலில் தேக்கா வரை

சாங்கி ரயில் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு நடுவில் இருக்கிறது. முதல் முனையத்தில் இருந்து உள்ளேயே வர வழி உண்டு, நான்காம் முனையத்தில் இறங்கினால் இலவசப் பேருந்து இருக்கிறது. கதவில் அட்டையைத் தொட்டு உள்ளே போங்கள். எந்த அட்டையைத் தொட்டு ஏறினீர்களோ அதே அட்டையைத் தொட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஏறும்போது அட்டை, இறங்கும்போது போன் என்று மாற்றினால் கணக்குத் தப்பிவிடும்.

விமான நிலைய ரயிலில் இரண்டாவது நிறுத்தம் தானா மேரா. எல்லோரும் அங்கே இறங்கி மாறுவார்கள். அங்கிருந்து ஊருக்குள் போகும் பச்சைத் தடத்தில் ஏறி பூகிஸில் இறங்குங்கள், இது எட்டாவது நிறுத்தம். பூகிஸில் நீலத் தடத்துக்கு மாறி, புக்கிட் பாஞ்சாங் போகும் பக்கம் ஏறினால் முதலில் ரோச்சோர், அடுத்தது லிட்டில் இந்தியா. மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், இரண்டு வெள்ளிக்கு மேல் சில்லறைதான் கட்டணம்.

நகரும் படிக்கட்டில் இடப்பக்கம் நில்லுங்கள், வலப்பக்கம் அவசரமாகப் போகிறவர்களுக்கு. ரயிலுக்குள் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, 500 வெள்ளி வரை அபராதம் உண்டு. அந்த ரயிலில்தான் பலர் முதல்முறையாக அந்நிய நாட்டுப் பலகையில் தமிழைப் பார்க்கிறார்கள். தனியாக வந்த எனக்கு அந்த எழுத்தைப் பார்த்ததும் நெஞ்சு லேசானது. மதுரையிலும் தஞ்சாவூரிலும் எத்தனை பலகை படித்திருப்பேன், அப்படி ஆனதில்லை.

பெட்டி கனமாக இருந்தால் டாக்சி வைத்துக்கொள்ளுங்கள். பலகை போட்ட டாக்சி வரிசையில் நின்று ஏறினால் மீட்டர்தான், பேரம் இல்லை. விமான நிலையக் கூடுதல் கட்டணத்தோடு ஊருக்குள் வர சுமார் 25 முதல் 40 வெள்ளி ஆகும். உள்ளே வந்து ‘டாக்சி வேண்டுமா’ என்று கேட்பவர்களோடு போக வேண்டாம்.

ஏதாவது பிசகினால்

காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 995. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல்துறையில் புகார், அதன் நகலோடு கிரேஞ்ச் சாலையில் உள்ள இந்தியத் தூதரகம். பாஸ்போர்ட் நகலும் இரண்டு புகைப்படமும் வேறு பையில் இருந்தால் இந்த வேலை பாதியாகக் குறையும். போன் அணைந்துவிட்டால் எந்த ரயில் நிலைய முகப்பிலும் முகவரித் தாளைக் காட்டி வழி கேளுங்கள்.

முதல் இரவு

அறைக்கு வந்ததும் படுக்கையில் விழ வேண்டாம், வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். லிட்டில் இந்தியா நிலையத்தில் இருந்து இரண்டு நிமிட நடையில் தேக்கா சந்தை. கீழே உணவங்காடி இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஆறேழு வெள்ளியில் வயிறு நிறையும். மேசையில் டிஷ்யூ காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தால் அந்த இடம் யாரோ பிடித்தது, அடுத்த மேசைக்குப் போங்கள். சாப்பிட்ட தட்டைத் தட்டு வைக்கும் இடத்தில் நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், அதுவும் சட்டம்தான்.

அப்படியே சிராங்கூன் சாலையில் நடந்தால் வீரமாகாளியம்மன் கோயில் வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் அந்தச் சாலை முழுக்க நம் ஊர்ப் பிள்ளைகள் நிற்பார்கள். வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஊர்க்காரர்களைப் பார்க்க வருகிறவர்கள், வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுவார்கள். இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் மது அருந்தத் தடை.

ஒன்பது மணிக்குள் அறைக்குத் திரும்புங்கள். வீட்டுக்குக் கூப்பிடும்போது ஊரில் ஆறரைதான் ஆகியிருக்கும், அம்மா விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். நாளைக்கு எத்தனை மணிக்குக் கூப்பிடுவேன் என்று அப்போதே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் காலையில் இருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும். பாஸ்போர்ட்டைப் பூட்டுப் பெட்டியில் வையுங்கள். போனையும் பவர் பேங்கையும் சார்ஜில் போடுங்கள். பையில் மிச்சம் உள்ள வெள்ளியை எண்ணிப் பார்த்துவிட்டு விளக்கை அணையுங்கள்.